ஏழு கோழியும் ஐந்து பாத்தியும்: ஒரு தோட்டத்தின் சேதக் கணக்கு

வீட்டுக்குப் பின்னால் ஐந்து காய்கறிப் பாத்திகள். அவற்றுக்கு நடுவே நாள் முழுக்கத் திறந்துவிட்ட ஏழு கோழிகள். ஆறு பெட்டை, ஒரு சேவல். கோழி பூச்சியைத் தின்னும், எச்சம் எருவாகும், தீவனச் செலவும் குறையும் என்று நினைத்துத்தான் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தோம். இந்த மூன்றும் பொய்யில்லை. ஆனாலும் ஒன்பது மாதத்தில் இரண்டு விதைப்பு முழுதாகப் போனது, பதினொரு கத்தரிச் செடிகள் வாடி நின்றன, ஒரு கோழி செத்தது. எது எப்படி நடந்தது, எதை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டோம், பிறகு எது பலித்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கோழியையும் செடியையும் சேர்த்து வளர்க்க நினைப்பவருக்கு இதில் ஒன்றிரண்டாவது முன்கூட்டியே தெரிந்தால் ஒரு உயிர் தப்பும்.

விதைப் பாத்தி

முதல் அடி கீரைப் பாத்திக்கு. மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, மட்கிய எரு கலந்து, விரலால் கோடு கிழித்து விதை தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்திருந்தோம். முளை தெரியத் தொடங்கிய மறுநாள் மதியம் போய்ப் பார்த்தால் பாத்தி நடுவில் மூன்று குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கோழி ஒருக்களித்துப் படுத்து, இறக்கையால் மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டிருந்தது.

முளையைத் தின்னத்தான் வந்தன என்று முதலில் நினைத்தோம். ஆனால் பிடுங்கப்பட்ட முளைகள் அப்படியே ஓரத்தில் வாடிக் கிடந்தன. கோழிகள் வந்தது புழுதிக் குளியலுக்கு. தூள் மண் இறகுக்குள் புகுந்து, மிகுதியான எண்ணெயை உறிஞ்சி, பேனை உதிர்க்கிறது. இது கோழிக்கு எவ்வளவு அடிப்படையான தேவை என்றால், மண்ணே இல்லாத கம்பிக் கூண்டில் அடைபட்ட கோழிகூட வெறுந்தரையில் படுத்து அதே அசைவுகளைச் செய்யும். சரி, எங்கள் தோட்டத்தில் வெயில் படும், உலர்ந்த, பொடிப்பொடியான மண் எங்கே இருந்தது? நாங்கள் சீர் செய்த பாத்தியில் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் மிதிபட்டு இறுகிய தரை.

அன்று இது ஒரு விதைப்பின் நஷ்டமாக மட்டுமே பட்டது. பின்னால் வந்த சேதங்கள் ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்தபோதுதான் ஓர் ஒழுங்கு தெரிந்தது: நாங்கள் அதிகம் பாடுபட்ட இடத்தில்தான் சேதமும் அதிகம். செடிக்காக மண்ணை இளக்குகிறோம். கோழிக்கும் இளகிய மண்தான் வேண்டும். செடிக்காகச் சருகு பரப்புகிறோம். கோழிக்கும் சருகுதான் வேண்டும். செடிக்காகத் தண்ணீர் விட்டு மண்புழுவை மேலே வரவழைக்கிறோம். கோழி அதற்காகவே காத்திருக்கிறது. கெட்ட கோழி என்று எதையும் பழி சொல்ல இதில் இடமே இல்லை.

வாடிய கத்தரி

எங்களை அதிக நாள் ஏமாற்றியது கத்தரிப் பாத்தி. நட்டு ஏழு வாரம் ஆன செடிகள். வெயில் ஏறியதும் இலை தொங்கும், மாலையில் நிமிரும். நான்கைந்து நாளில் சில செடிகள் மாலையிலும் நிமிரவில்லை. கத்தரிக்குப் பாக்டீரியா வாடல் நோய் வருவது சாதாரணம் என்பதால் அதுதான் என்று முடிவு கட்டி, இரண்டு செடிகளைப் பிடுங்கி எறிந்தும் விட்டோம்.

எறிவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனையை மூன்றாவது செடியில்தான் செய்தோம். தூருக்குச் சற்று மேலே தண்டை அறுத்து, அந்தத் துண்டைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீருக்குள் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை கீழ்நோக்கி இறங்கும். எங்கள் டம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அப்புறம்தான் குனிந்து தூரைப் பார்த்தோம். போட்டிருந்த வைக்கோல் மூடாக்கு முழுதும் வரப்புக்கு வெளியே கிடந்தது. தூரைச் சுற்றி நான்கு விரற்கடை மண்ணைக் காணோம். மெல்லிய பக்கவேர்கள் வெயிலில் கருகி, நூலாகத் தொங்கின.

கோழி கிளறுவதைச் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தாலே இது புரிந்திருக்கும். ஒரு காலால் பின்னோக்கி ஓர் இழுப்பு, மறுகாலால் ஓர் இழுப்பு, ஓர் அடி பின்வாங்கிக் குனிந்து பார்ப்பது. அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி காட்டுத் தரையின் சருகைப் புரட்டிப் பிழைத்த பறவை. மூடாக்குப் போடும்போது அந்தக் காட்டுத் தரையைத்தான் நாம் செய்து கொடுக்கிறோம். வயிறு நிரம்பியிருந்தால் வராது என்று நினைத்துக் கூடுதல் தீவனம் வைத்துப் பார்த்தோம். வந்தன. தட்டில் தீவனம் இருக்கும்போதும் கிளறித் தேடித் தின்னும் பழக்கம் கோழிக்கு உண்டு. பசி மட்டும் அதற்குக் காரணமில்லை.

மீதிச் செடிகளுக்கு மண் அணைத்து, ஒவ்வொரு தூரைச் சுற்றியும் முஷ்டி அளவுக் கற்களை இடைவெளி இல்லாமல் அடுக்கினோம். வாடி நின்ற பதினொன்றில் ஆறு பிழைத்தன. கோழியால் நகர்த்த முடியாத எடை கல்லுக்கு வேண்டும். கூழாங்கல் போட்டால் அதையும் சேர்த்தே வாரிவிடும். விதைப் பாத்திக்குக் கம்பிவலையை மண்மேல் தட்டையாக விரித்து, நான்கு மூலையிலும் முளை அடித்தோம். நாற்று வலைக் கண் வழியாக மேலே வருகிறது, கோழியின் கால் மண்ணைத் தொட முடிவதில்லை. நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் வலையை நறுக்கி எடுத்துவிடலாம்.

இடையில் ஒருவர் சொன்னார் என்று பாத்தி ஓரத்தில் மிளகாய்ப் பொடி தூவினோம். ஒன்றும் நடக்கவில்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை உணரும் ஏற்பி நமக்கும் பாலூட்டிகளுக்கும் வேலை செய்வது போலப் பறவைகளுக்குச் செய்வதில்லை. இயற்கையில் மிளகாய் விதையைப் பரப்புவதே பறவைகள்தானே. எங்கள் சேவல் செடியில் பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்பதைப் பிறகு பலமுறை பார்த்தேன்.

தக்காளி

தக்காளியில் சேதம் பழுக்கத் தொடங்கும்போது வந்தது. ஒவ்வொரு பழத்திலும் ஒரே ஒரு கொத்து. அதன் வழியே எறும்பு, பூஞ்சணம். கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும். நம் கண்ணில் மூன்று வகை நிற உணர்வுச் செல்கள் என்றால் அதற்கு நான்கு. புற ஊதாவும் ஓரளவு தெரியும். இலைக்குள் மறைந்த செம்பழத்தை நமக்கு முன்னால் அது கண்டுபிடிப்பதில் வியப்பில்லை.

சேதம் உச்சி வெயிலில்தான் அதிகம் என்பதைக் கவனித்தபோது வேறொன்று புலப்பட்டது. தண்ணீர்த் தொட்டி கூண்டுக்குள், தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது, அதில் நிறைய நீர் போகும். பக்கத்தில் தண்ணீர் இல்லாதபோது அதற்குத் தக்காளிதான் தண்ணீர். தக்காளிப் பாத்தி அருகே நிழலில் இரண்டு மண்சட்டிகளில் தண்ணீர் வைத்த பிறகு கொத்துவது கண்ணெதிரே குறைந்தது. முழுதும் நிற்கவில்லை. மிச்சத்துக்கு ஒரே வழி, காயின் அடியில் இளஞ்சிவப்புப் படர்ந்ததுமே பறித்து வீட்டுக்குள் வைப்பது. அந்தப் பருவத்தில் பறித்த தக்காளி செடியில் இல்லாமலே பழுத்துவிடும்.

நத்தை மருந்து

இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மழை தொடங்கியதும் நத்தை பெருகியது. ஒரே இரவில் அவரை நாற்றுகள் பத்துப் பன்னிரண்டு தண்டோடு போயின. நத்தை மருந்து வாங்கி வந்து பாத்தியைச் சுற்றித் தூவினோம். மெட்டால்டிஹைடு கலந்த சிறு நீல உருளைகள். அன்று கோழிகளைக் கூண்டில் அடைத்து வைத்தோம். மறுநாள் காலையில் திறந்துவிட்டோம். ஒரு நாள் போதும் என்று எதை வைத்து முடிவு செய்தோம்? எதையும் வைத்து அல்ல. பொட்டலத்தில் எழுதியிருந்ததை முழுதாகப் படிக்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஒரு பெட்டை தள்ளாடியது. கழுத்து நடுங்கியது. பிறகு கால் விறைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த விஷத்துக்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது, நடுக்கத்தை அடக்கிப் பார்க்கலாம் என்றார். பிற்பகலுக்குள் இறந்துவிட்டது. கூண்டுக் கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்து காலருகே நிற்கும் கோழி அது.

அந்த உருளைகளைத் தவிடு, மாவு போன்றவற்றோடு சேர்த்துத்தான் செய்கிறார்கள், நத்தை தேடி வந்து தின்ன வேண்டும் என்பதற்காக. நத்தையை இழுக்கும் தவிடு கோழியை இழுக்காதா? தரையில் கிடக்கும் தானிய அளவுப் பொருள் எதையும் ஒருமுறை கொத்திப் பார்ப்பது கோழியின் இயல்பு. பல் இல்லாததால் அரைவைப்பையில் தானியத்தை அரைக்கச் சிறு கற்களையும் தேடித் தேடி விழுங்கும். அதனால் மண்ணில் இடும் குருணைப் பூச்சிமருந்தும் அதன் கண்ணுக்குத் தானியமோ கல்லோதான். மருந்து பூசிய விதையும் அப்படியே. முளைக்காமல் மேலே தெரியும் ஒரு விதை போதும். எலி மருந்தை எட்டாத இடத்தில் வைத்தாலும், அதைத் தின்று செத்துக் கிடக்கும் எலியைக் கோழி கொத்தும். ஆகவே கோழி நடமாடும் தோட்டத்தில் இவற்றில் எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எத்தனை நாள் அடைத்து வைத்தால் போதும் என்று கணக்குப் போடும் நிலைக்கே போகக் கூடாது.

மீதி மருந்தைத் தோட்டத்திலிருந்து அப்புறப்படுத்தினோம். தூவியிருந்த இடத்தின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தோம். அந்தப் பகுதியைக் கம்பிவலையால் அடைத்து, அந்தப் பருவம் முடியும்வரை கோழியை விடவே இல்லை. நத்தைக்கு இப்போது செய்வது எளிய வேலை. மாலையில் பாத்தி ஓரத்தில் ஈரப் பலகைகளைக் கவிழ்த்து வைக்கிறோம். இரவு மேய்ந்த நத்தைகள் விடியும்போது பலகைக்கு அடியில் ஒண்டியிருக்கும். காலையில் பலகையைப் புரட்டிக் கையால் எடுக்கிறோம், சிறியவற்றைக் கூண்டிலிருக்கும் கோழிக்குப் போடுகிறோம். நத்தையும் மண்புழுவும் கோழிக்குச் சில குடற்புழுக்களையும் மூச்சுக்குழல் புழுவையும் கடத்தக்கூடும் என்பதால், எச்சத்தைக் கவனித்து, மருத்துவர் சொல்லும் காலத்தில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கிறோம்.

சின்னச் சின்ன விபத்துகள்

தக்காளியைக் கட்டிய நைலான் நூலின் துண்டு ஒன்று ஒரு கோழியின் விரலைச் சுற்றி இறுகி, வீங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும். நூலை விழுங்கியிருந்தால் இன்னும் மோசம்: கழுத்துக்குக் கீழே மார்பின் வலப்பக்கம் இருக்கும் தீனிப்பையில் நூலும் நீளப் புல்லும் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். இரவு நிரம்பியிருக்கும் தீனிப்பை காலையில் தீவனம் வைப்பதற்கு முன் காலியாக இருக்க வேண்டும். கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாங்கள் நூலை விட்டுச் சணலுக்கு மாறினோம், அறுத்த துண்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

முட்டை திடீரென்று பாதியாகக் குறைந்தது. கோழி இடுவதை நிறுத்தவில்லை. பூசணிக் கொடிக்குள் பதினான்கு முட்டை கிடந்தன. ஒன்று அங்கேயே அடை உட்கார்ந்திருந்தது. இலைக்குள் இருக்கும் கோழியைப் பருந்து பார்க்காது, உண்மைதான். ஆனால் இரவில் தரையோடு வரும் விலங்குக்கு அது சுலபமான இரை. 21 நாள் அடையை வெளியே விட்டால் தாயும் தங்காது, குஞ்சும் தங்காது என்று கூண்டுக்குள் மாற்றினோம். காலை பதினொரு மணிக்குப் பிறகுதான் தோட்டத்துக்குத் திறந்துவிடுவது என்று வைத்துக்கொண்டதும் பெரும்பாலான முட்டை கூண்டிலேயே விழுந்தது.

எச்சமும் எருவும்

புது எச்சத்தைக் கூண்டிலிருந்து வாரி நேராக வெண்டைத் தூரில் போட்டோம்; ஒரு வாரத்தில் இலை ஓரம் கருகியது. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம், அது சீக்கிரம் அம்மோனியாவாக மாறி வேரைச் சுடும். சருகு, வைக்கோல் போன்ற காய்ந்த பொருளோடு அடுக்கி, குவியலின் உட்சூடு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும்படி மட்கவைத்து, ஆறிய பிறகே இட வேண்டும்.

இதைவிட முக்கியம், தின்பவரின் உடல்நலம். பார்க்க நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் பாக்டீரியாக்கள் இருக்கலாம். திறந்துவிட்ட கோழி கீரைமேல் எச்சமிடும், அதை யாரும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் சான்று விதிகளில் ஓர் அளவு உண்டு: மட்காத கால்நடை எரு இட்ட மண்ணில், மண்ணைத் தொடும் விளைச்சலானால் 120 நாளும், தொடாததானால் 90 நாளும் கழித்தே அறுவடை செய்ய வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அந்த விதி கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் நாங்கள் அதையே பிடித்துக்கொண்டோம், ஏனென்றால் அது எங்கள் தோட்டத்தின் அமைப்பையே மாற்றிக்கொள்ள ஒரு வழி காட்டியது.

வேலியும், கடைசிக் கோழியும்

முதலில் மூன்றடி வேலி போட்டோம். ஒரு கோழி மட்டும் தினமும் தாண்டியது. ஒரு பக்க இறக்கையின் நீளப் பறக்கும் இறகுகளை மட்டும் நறுக்கினோம். சமநிலை கிடைக்காததால் எழும்ப முடியாது, நகம் வெட்டுவது போல வலியும் இல்லை, இறகு உதிர்த்து முளைக்கும்போது திரும்ப வளரும். வளர்ந்துகொண்டிருக்கும் இறகில் மட்டும் ரத்தம் ஓடும், அதைத் தொடக் கூடாது. இறக்கை நறுக்கிய பிறகும் அந்தக் கோழி வேலிக்கு அடியில் பறித்துக்கொண்டு உள்ளே போனது.

ஏன் அது மட்டும்? இரண்டு நாள் தீவன நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தட்டை நெருங்கும்போதெல்லாம் மற்றவை அதைக் கொத்தி விரட்டின. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே 1921-இல் அதை விவரித்து எழுதினார். எங்கள் வரிசையில் இது கடைசி. பாவம், தோட்டத்துக்குள் போனால்தான் அதற்கு நிம்மதியாக இரை கிடைத்தது. முதல் தட்டு கண்ணில் படாத இடத்தில் இன்னொரு தட்டும் தண்ணீரும் வைத்தோம். ஒரு வாரத்தில் வேலியைத் தாண்டுவது நின்றது. வேலிக்குச் செலவு செய்யும் முன் இதைப் பார்த்திருக்கலாம்.

இப்போது கோழியும் செடியும் ஒரே பாத்தியில் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. கீரைக்கும் வேர்க்காய்க்கும் ஒதுக்கிய இரண்டு பாத்திகளில் கோழிக்கு எப்போதுமே அனுமதி இல்லை. மற்ற மூன்றில், விளைச்சல் முடிந்த பாத்தியைச் சுற்றி நகர்த்தும் வேலி வைத்து, மூன்று வாரம் கோழிகளை உள்ளே விடுகிறோம். பழைய செடியைக் கிழித்து, களை விதை பொறுக்கி, கூட்டுப்புழு தோண்டி, கிண்டி எருவிட்டுக் கொடுத்துவிடுகின்றன. மண்வெட்டி வேலையில் பாதி மிச்சம். பிறகு மூன்று வாரம் ஆறவிட்டு, மிளகாயோ கத்தரியோ நடுகிறோம். கோழி வெளியேறிய நாளை ஒரு குச்சியில் எழுதிப் பாத்தியில் குத்திவைப்பதால் 90 நாள் கணக்கு தவறுவதில்லை. அதற்கு முன்பே காய்க்கத் தொடங்கினால் முதல் பறிப்பைத் தின்னாமல் மட்குக்குழியில் போடுகிறோம்.

பாத்திக்கு வெளியே வெயில் படும் மூலையில் மணல், சலித்த சாம்பல், காய்ந்த மண் மூன்றையும் கலந்து புழுதிக் குளியலுக்கென்றே ஒரு தொட்டி வைத்திருக்கிறோம், மேலே மழைக்குக் கூரை. பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரம் மட்டும் நடைபாதைகளில் எல்லாக் கோழிகளையும் உலவவிடுகிறோம். யாராவது ஒருவர் கூடவே நிற்போம். இருட்டத் தொடங்கினால் அவையே கூண்டுக்கு நடந்துவிடும், விரட்ட வேண்டியதில்லை.

சேதம் முழுதாக ஒழியவில்லை. பூசணிக் கொடி வேலியைத் தாண்டி ஓடும் பக்கத்தில் இளம்பிஞ்சு கொத்துப்படுகிறது. அங்கே முட்டை இடும் பழக்கமும் ஒன்றுக்கு இன்னும் விடவில்லை. போன வாரம் மூன்றாம் பாத்தியிலிருந்து கோழிகளை எடுத்தோம். தேதிக் குச்சி நட்டாயிற்று. மிளகாய் நாற்று தட்டில் நான்கு இலை விட்டிருக்கிறது.